உழவர் வீட்டில் மனசு சரியில்லை என்றால்: என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

நான் மருத்துவன் இல்லை. தஞ்சை மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில், ஊர்ப் பேச்சில் சொன்னால் சொசைட்டியில், பயிர்க்கடன் மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். 2016-17 வறட்சியின்போதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகும் என் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் கேட்டதில் பாதி கடன் சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை. இப்போது வட்டார அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு நடக்கும் நாட்களில் சீட்டு எழுதிக் கொடுக்க உதவியாகப் போய் நிற்கிறேன். அங்கும் அதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

உயிருக்கு ஆபத்து என்ற நிலை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் 14416 அல்லது 104. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

எங்க அப்பா ரெண்டு மாசமா வயல் பக்கமே போறதில்ல. சோம்பேறித்தனமா, இல்ல நோயா?

முப்பது வருடம் விடியற்காலையில் மண்வெட்டியோடு மடை பார்க்கப் போனவர் திடீரென்று சோம்பேறியாக மாட்டார். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருடம் எல்லோர் முகமும் வாடித்தான் இருக்கும். அது கவலை. பேரன் வந்தால், ஒரு மழை பெய்தால் கொஞ்சமாவது தெளியும். மனச்சோர்வு நோய் அப்படித் தெளியாது. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

புத்தகத்தில் போட்டிருக்கும் அறிகுறிகளைவிட ஊரில் கண்ணுக்குத் தெரிபவை வேறு. தினமும் போகிற டீக்கடைக்குப் போவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துபோகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் இதை முதலில் கவனிப்பது வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் சொன்னால் நம்புங்கள்.

தலை கனம், நெஞ்சு படபடப்பு, வயித்துல எரிச்சல்னு பாக்காத டாக்டர் இல்ல. எல்லா டெஸ்டும் நார்மல்ங்கறாங்க. அப்ப நடிக்கிறாரா?

இல்லை. வலி நிஜம். நம் பக்கத்து ஆண்கள் "மனசு கஷ்டமா இருக்கு" என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை. அந்தக் கஷ்டம் உடம்பு வழியாகத்தான் வெளியே வரும். அதே சமயம் எல்லாமே மனசுதான் என்று முடிவுகட்டியும் விடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை மூன்றும் ஆளை இப்படிச் சோர்த்துப் போடும். அவற்றைப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியவர் இன்னொரு வயிற்று டாக்டர் இல்லை, மனநல மருத்துவர்.

கடன்தான் சார் பிரச்சினை. கடன் அடைஞ்சா எல்லாம் சரியாயிடும். இதுக்கு எதுக்கு மனநல டாக்டர்?

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணவே முடியாது. பாதி சரிதான். 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனபோது 16.43 லட்சம் பேர் பயனடைந்தார்கள். அந்த வாரம் எங்கள் சொசைட்டி வாசலில் பார்த்த முகங்களை நான் மறக்கவில்லை. மாத்திரை கடனை அடைக்காது என்பதும் உண்மை.

ஆனால் மறுபாதி இருக்கிறது. ஒரு பெரியவர் தொடர்ந்து மூன்று நாள் வந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு மத்தியானம் எழுந்து போனார். செயலாளரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நாலாம் நாள் "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன். பதில் வரப் பத்து நிமிடம் ஆனது. பையிலிருந்து ஒரு உரக்கடை பில்லை எடுத்தார். பின்பக்கம் பென்சிலால் கடன்கள். உரக்கடை, நகை அடகு, அறுவடை மிஷின்காரர், மச்சான், கடைசியில் நாங்கள். எல்லாம் சேர்த்துக் கூட்டியதில் தப்பு, நாற்பதாயிரம் அதிகமாகப் போட்டிருந்தார். இத்தனைக்கும் அவர் கணக்கில் புலி. மாதக்கணக்கில் தூங்காத தலைக்குக் கூட்டல் வராது.

இதுதான் நான் சொல்ல வருவது. கடன் மனசைக் கெடுக்கிறது, கெட்ட மனசு கடனை வளர்க்கிறது. சொசைட்டி பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கடிதத்தைப் பிரிக்காமல் தேதியைத் தவறவிட்டால் வட்டி ஏறும். மழையில் பயிர் கெட்டால், சில வகைச் சேதத்துக்குக் காப்பீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர் எப்படிக் கொடுப்பார்? பயிர் மோசமாகப் போன வருடம் குறுகியகாலக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்றிக் கேட்க வழி உண்டு. அதற்கும் யாராவது நேரில் வந்து பேச வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு நாள், வீட்டில் கணக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, என்றைக்கு என்று ஒரே தாளில் எழுதுவது. எழுதினால் தொகை குறையாது, ஆனால் ராத்திரியில் மண்டைக்குள் சுற்றுவது குறையும்.

எங்க காட்டுறது? தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?

வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1996-ல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள், அதில் ஒன்று நம் திருச்சி. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க உண்டு. மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருவார். அதைத்தான் முகாம் என்கிறோம். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். உங்கள் ஊர் கிராம செவிலியரிடம் "மனநல டாக்டர் எந்தக் கிழமை வர்றாரு?" என்று கேட்டால் போதும். காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

போன்ல பேசினா யாரு எடுப்பாங்க? பேரு ஊரு கேட்டு வெளிய சொல்லிட மாட்டாங்களே?

14416 என்பது டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா என்ற தொண்டு அமைப்பையும் 044-24640050 என்ற எண்ணில் கூப்பிடலாம். பேச்சு உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில்தான்.

ஒரு சின்ன விஷயம். வீட்டில் வைத்துப் பேச முடியாது, சுவருக்கும் காது. பம்புசெட் கொட்டகைக்குப் போய்ப் பேசுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது!

"பைத்தியத்துக்குப் பாக்குறாங்க"னு ஊரு பேசும். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்.

பேசாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பேசும், ஒரு வாரமோ பத்து நாளோ. பிறகு வேறு விஷயம் கிடைத்துவிடும். சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. வட்ட மருத்துவமனையில் எல்லா நோய்க்கும் ஒரே வரிசை, ஒரே சீட்டு, அதனால் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்னும் கூச்சம் இருந்தால் பக்கத்து வட்டத்துக்குப் போங்கள். அங்கே உங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் பார்ப்பீர்கள். அவரும் அதற்காகத்தான் வந்திருப்பார்.

மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசு முழுக்கப் போடணுமாமே? அடிமை ஆயிடுவாங்களாமே?

தூக்க மாத்திரையையும் மனச்சோர்வு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் பழகித்தான் போகும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை அப்படிப் போதையாகாது. ஆனால் இன்று போட்டு நாளை சரியாகவும் ஆகாது. இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், மந்தம் எல்லாம் வரலாம். அந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிட்டு "ஒண்ணும் வேலை செய்யல" என்கிறார்கள்.

தெளிந்த பிறகும் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதை டாக்டர் படிப்படியாகச் செய்வார். சிலருக்கு நீண்ட நாள் தேவைப்படும், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் போடுகிற மாதிரி.

குணசீலம் கூட்டிட்டுப் போகலாம்னு அம்மா சொல்றாங்க. கோயிலா, ஆஸ்பத்திரியா?

ஏன் இரண்டில் ஒன்று? மனநோய் தீர வேண்டிக்கொள்ளப் போகிற அந்தக் குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். சாமி பெயரைச் சொல்லிக் கிளம்புகிறவர் அங்கே மாத்திரையும் வாங்கிக்கொண்டு வரலாம். ஆனால் எங்கே போனாலும் ஆளைக் கட்டிப் போடுகிற இடம் என்றால் உடனே திரும்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படியே கூடாது.

குடிதான் எல்லாத்துக்கும் காரணம். கோயில்ல கயிறு கட்டி நிறுத்திடலாமா?

கயிறு கட்டி நிறுத்தியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தினமும் அளவுக்கு மீறிக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, அப்புறம் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. கயிறு கட்டுவதற்கு முன்னாலேயே டாக்டரிடமும் காட்டுங்கள், அந்த நடுக்கத்தைத் தாண்ட மருந்து இருக்கிறது. சோர்வால் குடிக்கிறாரா, குடியால் சோர்வா என்ற பட்டிமன்றத்தை வீட்டில் நடத்தாதீர்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

குழுக்கடன்காரங்க வாசல்ல வந்து உக்காந்துடுறாங்க. அவமானத்துலயே எங்க வீட்டுக்காரர் உடைஞ்சு போயிட்டார்.

குழுக்கடன் தருகிற நுண்கடன் நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது, மிரட்டவோ கேவலமாகப் பேசவோ கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. வந்தவர் பெயர், நேரம், என்ன பேசினார் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு. தனியார் கந்துவட்டி என்றால் 2003-ம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வழியில்லை என்றால் 15100-க்குக் கூப்பிட்டு இலவச சட்ட உதவி கேளுங்கள்.

கட்ட வேண்டிய பணத்தை இது எதுவும் இல்லாமலாக்காது. ஆனால் ராத்திரி ஏழரைக்கு வாசலில் நிற்கிறவரைப் பார்த்து "நாளைக்குக் காலையில் வாங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்தாலே தலை கொஞ்சம் நிமிரும்.

"தைரியமா இருங்க"னு சொன்னா இன்னும் எரிஞ்சு விழறார். வேற என்னதான் பேசுறது?

தைரியம் சொல்லாதீர்கள். "எதிர்வீட்டுக்காரனுக்கு உன்னைவிட டபுள் கடன், அவன் சிரிச்சுக்கிட்டு இல்லையா?" என்றும் சொல்லாதீர்கள், அது இன்னும் மோசம். பக்கத்தில் உட்காருங்கள். "ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். நேருக்கு நேர் பேச வராதவர்கள் பக்கவாட்டில் பேசுவார்கள், வரப்பில் நடக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது. சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. "ம்" போதும். முன்னே சொன்ன பெரியவரிடம் நான் அன்று பேசியது மொத்தம் நாலு வார்த்தை.

"நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி"ன்னு சொல்றார். சும்மா சொல்றாரா? நேரா கேட்டா அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கேட்டால் எண்ணம் வராது, ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும். சுற்றி வளைக்காமல், தனியாக, கோபமில்லாமல் கேளுங்கள்: "உசுரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" ஆமாம் என்றால் அலறாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். ஆளைத் தனியாக விடாமல், அன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள் அல்லது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் கேட்டால் அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

சொல்பவர் செய்ய மாட்டார் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தப்பு. அதைவிட ஏமாற்றுவது திடீர் அமைதி. வாரக்கணக்கில் தவித்தவர் ஒரு நாள் தெளிவாக எழுந்து பத்திரம், பாஸ்புக் எல்லாம் எடுத்து மனைவியிடம் கொடுத்து விளக்கினால், குணமாகிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அன்றுதான் கூடவே இருக்க வேண்டும்.

பூச்சிமருந்து டப்பாவை ஒளிச்சு வெச்சா மட்டும் என்ன ஆகப்போகுது? முடிவு பண்ணவர் வேற வழி தேட மாட்டாரா?

பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை. அந்த வேகம் பல பேருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்தார். இலங்கையில் 1995-ல் தற்கொலைகள் உச்சத்தில் இருந்தன. அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், அடுத்த இருபது வருடத்தில் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. விளைச்சல் குறையவில்லை. நம் பக்கத்தில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதி ஊர்களில் ஸ்நேகா அமைப்பு பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. உழவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டளவில் செய்யக்கூடியது: தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தை வீட்டில் வைக்காதீர்கள், வைத்தால் பூட்டுங்கள், சாவி வேறு ஆளிடம். யாராவது குடித்துவிட்டது தெரிந்தால் சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடும். 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை வேகமாகும்.

எங்க சித்தப்பா பொழைச்சு வந்துட்டார். இப்ப போலீஸ் கேஸ் ஆகுமா?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், போலீஸ் வந்து விசாரிக்கவும் கூடும். பயந்துகொண்டு "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று மாற்றிச் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்ப மாட்டார்கள். நஷ்டம் அவருக்குத்தான். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில மாதங்கள் மிகவும் கவனம் தேவை. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொல்வதை மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

நிலம் வீட்டுக்காரர் பேர்ல. நான் நடவுக்குப் போறவ. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குத்தான் முதலில். 2022-ல் நாட்டில் வேளாண் துறையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் 11,290 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் 6,083 பேர் கூலித் தொழிலாளிகள், அதாவது பாதிக்கும் மேல். "விவசாயி" என்றதும் பட்டாதாரரை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். குத்தகைக்காரருக்கு, பயிர் செய்வதற்குச் சான்றான அடங்கல் வாங்குவதே போராட்டம். நடவுக்குப் போகிறவருக்கு மழை பெய்தாலும் கூலி போச்சு, பெய்யாவிட்டாலும் கூலி போச்சு. குழுக்கடனில் கையெழுத்துப் போட்டிருப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். மேலே சொன்ன எண்கள், முகாம், மாத்திரை எதற்கும் யாரும் பட்டா கேட்பதில்லை.

எல்லார் கதையும் கேட்டுக் கேட்டு எனக்கே இப்ப தூக்கம் வரல. நான் யார்கிட்டப் போறது?

இதைக் கேட்டவர் ஒரு கிராம செவிலியர். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டிய ஊழியர் ஒருவரும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். ஊரில் நாலு பேர் வந்து பேசுகிற ஆள் யாராக இருந்தாலும் வரும். எனக்கும் வந்தது, கஜாவுக்கு அடுத்த தை மாதம். மேலே முதல் கேள்விக்குச் சொன்ன இரண்டு வாரக் கணக்கு உங்களுக்கும் அதேதான். 14416-ல் நீங்கள் உங்களுக்காகவும் பேசலாம்.

நான் அப்போது முகாமுக்குப் போய், சீட்டு எழுதுகிற பையனிடம் "என் பேரையே போடுப்பா" என்றேன். அவன் தலைநிமிராமல் வயசு கேட்டான். ஐம்பத்தாறு என்றேன். எழுதிக் கொடுத்தான், உள்ளே போனேன்.